முட்டிக்குப் போனோம், மூத்திரத்துல மாட்டுனோம்: 13 நாள் ஆஸ்பத்திரி ரிவியூ

பதினோரு வருஷமா மலேசியாவுல பினாங்கு பக்கம் பிறைங்குற ஊருல வாழை இலை சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன், ரிவியூன்னா எனக்கு வாங்கித்தான் பழக்கம், எழுதிப் பழக்கம் இல்ல. ரசம் ஆறிப்போச்சுன்னு ஒரு ஸ்டார், பார்க்கிங் இல்லன்னு ஒரு ஸ்டார் (ரோடு கவுன்சிலோடது, நான் என்னங்க செய்ய), ஒருத்தர் மழை பெஞ்சதுக்குக் கூட ரெண்டு ஸ்டார் போட்டிருக்காரு. அதனால ஒருத்தர் பொழப்ப பத்தி எழுதும்போது எவ்ளோ பாத்து எழுதணும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கம்மாவ முட்டி ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி 5 நாள்ல வர வேண்டியது 13 நாள் கழிச்சு வந்ததால இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு. ஆஸ்பத்திரி பேரு போட மாட்டேன், கமெண்ட்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன். பினாங்கு தீவுல இருக்குற ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, அவ்ளோதான். ஏன் போடலைன்னு படிச்சுட்டு வந்தா உங்களுக்கே புரியும்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். லாபி ஹோட்டல் மாதிரி இருக்கு, பியானோ ஒண்ணு தானா வாசிச்சுக்கிட்டு இருக்கு. ரிஜிஸ்ட்ரேஷன்ல பொண்ணுங்க சிரிச்ச முகம். மெடிக்கல் கார்டு குடுத்தோம், ஜி.எல் (இன்சூரன்ஸ் குடுக்குற உத்தரவாதக் கடிதம்) ஒன்றரை மணி நேரத்துல வந்துடுச்சு, மலேசியாவுல இத அதிசயம்னுதான் சொல்லணும். ஆபரேஷன் பண்ண டாக்டர் கை தங்கமான கை. 68 வயசு, ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு கோயில்ல படி ஏற முடியாம கீழயே நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தவங்க, இடது முட்டி முடிஞ்ச மறுநாளே வாக்கர் புடிச்சு நாலு அடி வச்சுட்டாங்க. பிசியோ தம்பி சீனப் பையன், "ஆண்ட்டி போலே, ஆண்ட்டி போலே"ன்னு (மலாய்ல 'முடியும்'னு அர்த்தம்) கை தட்டிக்கிட்டே நடக்க வச்சான். அதுக்கு 5 ஸ்டார், யோசிக்கவே வேண்டியதில்ல.

சாப்பாடு 2 ஸ்டார். கடைக்காரன்னு சொல்லல, எவனா இருந்தாலும் அந்த சாம்பார பாத்து அழுதிருப்பான். கீழ கேன்டீன்ல கோப்பி ஓ நல்லா இருக்கும், மீ கோரிங் சுமார். பார்க்கிங் கொள்ளை. இதுல பட்டர்வொர்த் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு பாலத்துல போகும்போது டோல் வேற, திரும்பி வரும்போது ஃப்ரீங்குறது ஒண்ணுதான் ஆறுதல். காலையில ஒரு தடவ, கடை மூடிட்டு ராத்திரி ஒரு தடவன்னு 13 நாளைக்குப் போட்டுப் பாத்துக்குங்க.

இப்ப கதைக்கு வர்றேன். ஆபரேஷன் திங்கக்கிழம. அன்னிக்கு மூத்திரம் போறதுக்கு டியூப் போட்டு விட்டாங்க, அது சரிதான், எந்திரிக்க முடியாதுல்ல. செவ்வாய்க்கிழமையே அம்மா நடந்தாச்சு. ஆனா டியூப எடுக்கல. புதன்கிழம நான் கேட்டேன், "சிஸ்டர், இது எப்போ எடுப்பீங்க", "டாக்டர் ஆர்டர் போடணும்"னாங்க. டாக்டர் வந்தாரு, முட்டிய பாத்தாரு, சூப்பர்னாரு, போயிட்டாரு. டியூப பத்தி அவரும் பேசல, நானும் அந்த நேரம் போன்ல சப்ளையர்கிட்ட மீன் வெல பேசிக்கிட்டு இருந்தேன். அம்மாவுக்கும் ராத்திரி டாய்லெட்டுக்கு எழுந்து போக வேண்டாம்ல, அதுவும் வசதியாத்தான் இருந்துச்சு. ஆக வேணும்னு யாரும் விடல, வேண்டாம்னு யாரும் சொல்லல, அப்படியே வியாழக்கிழம வரைக்கும் கிடந்துச்சு.

வியாழக்கிழம ராத்திரி பத்து மணிக்கு குளிருதுன்னாங்க. ஏர்கான்தான் காரணம்னு நான் போர்வைய இழுத்து விட்டேன். கொஞ்ச நேரத்துல கட்டிலே ஆடுற மாதிரி நடுக்கம், பல்லு கிட்டுது, காய்ச்சல் 39.4. டியூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, ஓடி வந்துச்சு, ரத்தம் ரெண்டு கையில இருந்தும் எடுத்து பாட்டில்ல ஊத்துனாங்க, மூத்திரம் எடுத்தாங்க, டியூப மாத்துனாங்க, செஃப்ட்ரியாக்சோன்னு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி ஏத்துனாங்க. "ரெண்டு நாள்ல சரியாயிடும் அங்கள்"னுச்சு. எனக்கு 43 வயசு, அங்கள் ஆயிட்டேன், அது வேற சோகம்.

ரெண்டு நாள் ஆச்சு, சரியாகல. வெள்ளிக்கிழம காய்ச்சல், சனிக்கிழம காய்ச்சல், அம்மா பேச்சே கொழறுது, என்னைய செத்துப்போன எங்க மாமா பேரு சொல்லிக் கூப்புடுறாங்க. இதுல என் பயம் மூத்திரத்த பத்தி இல்ல, முட்டிய பத்தி. கிருமி ரத்தத்துல ஏறி புதுசா வச்ச இரும்புல போயி ஒட்டிக்கிச்சுன்னா, அதுமேல ஒரு படலம் மாதிரி கட்டிக்கிட்டு உக்காந்துக்குமாம், அப்புறம் மருந்து உள்ள போகாதாம், சில சமயம் வச்சத கழட்டி திரும்ப வைக்கிற அளவுக்கும் போகும்னு டியூட்டி டாக்டர்கிட்ட துருவித் துருவிக் கேட்டு வாங்குனேன். கேட்டிருக்கக் கூடாது. அன்னிக்கு ராத்திரி பாலத்துல வண்டி ஓட்டிக்கிட்டு வரும்போது எனக்குக் கை நடுங்குச்சு.

ஞாயித்துக்கிழம சாயங்காலம் லேப்ல இருந்து போன். மூத்திரத்துல க்ளெப்சியெல்லாங்குற கிருமி, அதுவும் மருந்துக்கு மசியாத ஈ.எஸ்.பி.எல் வகை மாதிரி தெரியுதுன்னு. உடனே மருந்த மாத்தி மெரோபெனம் போட்டாங்க, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவ. அரை மணி நேரத்துல அம்மாவ நாலு பேரு ரூம்ல இருந்து எடுத்து தனி ரூமுக்குத் தள்ளிட்டுப் போனாங்க, கதவுல ஒரு கலர் போர்டு, வெளிய மஞ்ச கவுனும் கையுறையும் அடுக்கி வச்ச அலமாரி. அம்மாவுக்கு அந்த நெலமையிலயும் ரோஷம், "என்னைய என்ன தொழுநோய்க்காரின்னு நெனச்சாங்களா"ன்னு கேட்டு அழுதாங்க. பக்கத்து கட்டில்ல இருந்த மலாய்க்கார பாட்டி "தாக் அப்பா லா, தாக் அப்பா"ன்னு (பரவால்லம்மான்னு) கைய ஆட்டி அனுப்பி வச்சாங்க. அவங்கதான் மூணு நாளா அம்மாவுக்கு பேரீச்சம்பழம் குடுத்துக்கிட்டு இருந்தவங்க. கையால.

திங்கக்கிழம வந்தாங்க பாருங்க ஒருத்தவங்க, அவங்களுக்காகத்தான் இந்த ரிவியூவே. தொற்றுத் தடுப்பு சிஸ்டர். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இப்படி ஒருத்தர் இருப்பாங்களாம், எனக்கு இவ்ளோ நாள் தெரியாது. நம்ம தமிழ்ப் பொண்ணு, கெடா பக்கம், அம்பது வயசு இருக்கும், கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு கைய பாத்துக்கிட்டே பேசுறாங்க. மூஞ்சிய பாக்கல, என் கைய பாக்குறாங்க. "அண்ணே, உள்ள வரும்போது கை தேச்சீங்களா?" நான் தேய்க்கல. "வெளிய போயி தேச்சுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்." என் கடையில நான் பசங்கள இப்படித்தான் வெரட்டுவேன், என்னையே ஒருத்தர் வெரட்டுனது அன்னிக்குத்தான்.

அவங்க உக்காந்து முக்கா மணி நேரம் பேசுனாங்க. ஆஸ்பத்திரியில சேந்து 48 மணி நேரத்துக்கு அப்புறம் புதுசா வர்ற தொற்ற ஆஸ்பத்திரியில வந்ததாத்தான் கணக்கு எழுதுவாங்களாம். "அப்ப இது உங்களால வந்துச்சுன்னு ஒத்துக்குறீங்களா"ன்னு நான் கொஞ்சம் சூடா கேட்டேன். அவங்க மழுப்பல. "கிருமி எங்க இருந்து வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு நர்ஸ் கையில இருந்து வந்திருக்கலாம், அம்மா குடல்லயே முன்னாடி இருந்து இருந்திருக்கலாம், நெறைய பேரு வயித்துல இது சும்மா இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா உள்ள போக வழி போட்டது டியூப். அத செவ்வாய்க்கிழமையே எடுத்திருக்கணும். அது எங்க தப்பு, நான் ரிப்போர்ட்ல எழுதிட்டேன்." இவ்ளோ நேரடியா ஒரு கஸ்டமர்கிட்ட பேச எனக்கு தைரியம் கிடையாது. ரசம் ஆறிப்போச்சுன்னாலே "இல்ல சார் இப்பத்தான் இறக்குனது"ன்னு சொல்ற ஆளு நான்.

அந்த ஈ.எஸ்.பி.எல்னா என்னன்னு அவங்க சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன், டாக்டர்ங்க சண்டைக்கு வராதீங்க. பென்சிலின் குடும்பத்து மருந்து எல்லாத்துலயும் நடுவுல நாலு மூலையா ஒரு குட்டி வளையம் இருக்காம், அதுதான் கிருமியோட சுவர கட்ட விடாம தடுக்குறது. இந்த கிருமிங்க ஒரு நொதி செய்யும், அது அந்த வளையத்த கத்திரிக்கோல் மாதிரி வெட்டி விட்டுடும். செஃப்ட்ரியாக்சோன் மாதிரி பெரிய மருந்தையே வெட்டுற கத்திரிக்கோல்தான் ஈ.எஸ்.பி.எல், 1983ல ஜெர்மனியில முதல்ல கண்டுபுடிச்சு எழுதுனது. ஆக வியாழக்கிழமையில இருந்து ஞாயித்துக்கிழம வரைக்கும் எங்கம்மா ஒடம்புல ஊசி வழியா போனத எல்லாம் அது உக்காந்து வெட்டிக்கிட்டு இருந்திருக்கு. மெரோபெனம் அந்த கத்திரிக்கோலுக்கு வெட்டுப்படாது.

இதுல மோசமான விஷயம் வேற. அந்த கத்திரிக்கோல் செய்யுற கலை ஒரு சின்ன வளையத்துல எழுதி இருக்குமாம், பிளாஸ்மிட்டுன்னு பேரு, அத ஒரு கிருமி பக்கத்துல இருக்குற இன்னொரு கிருமிக்கு காப்பி எடுத்துக் குடுத்துடும். வேற ஜாதி கிருமியா இருந்தாலும் குடுக்கும். எனக்கு இது டக்குன்னு புரிஞ்சுது. நம்ம கடை மாஸ்டர் மசாலா ரெசிப்பிய பேப்பர்ல எழுதி எதிர் கடைக்காரனுக்குக் குடுத்துட்டுப் போற மாதிரி, அவன் அடுத்தவனுக்குக் குடுப்பான், ஒரு வருஷத்துல தெரு பூரா உன் மசாலாதான். ரெசிப்பி போனா மாஸ்டர மாத்தலாம், இங்க என்னத்த மாத்துறது.

மெரோபெனத்தையே வெட்டுற கத்திரிக்கோலும் வந்தாச்சு. அதுல ஒண்ணு 2008ல சுவீடன்ல ஒரு நோயாளிகிட்ட கண்டுபுடிச்சது, அவரு இந்தியாவுல ஆஸ்பத்திரியில இருந்துட்டுப் போனவரு, அதனால அதுக்கு டெல்லி பேர வச்சு என்.டி.எம்னு சொல்லி பெரிய சண்ட ஆயிடுச்சு. அந்த மாதிரி கிருமிய சி.ஆர்.ஈன்னு சொல்றாங்க, அது வந்துட்டா சில சமயம் கோலிஸ்டின் தேடிப் போகணும், கிட்னிய கெடுக்குதுன்னு 1970கள்ல மூட்ட கட்டி ஓரமா வச்ச மருந்து அது, வேற வழி இல்லாம திரும்ப எடுத்து வந்தது. இத கேட்டதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நான் கோழி எடுக்குற ஆளு ஒரு தடவ பொலம்புனாரு, தீவனத்துல போடுற ஏதோ மருந்த கவர்மெண்ட் நிறுத்திடுச்சுன்னு. இதே கோலிஸ்டின்தான்! நம்ம நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து சாப்பாட்டுக்கு வளக்குற மிருகங்களுக்கு அதக் குடுக்கத் தடை. 2015 கடைசியில சைனாவுல பன்னிங்ககிட்ட கோலிஸ்டினுக்கும் மசியாத ஜீன் ஒண்ணு, அதுவும் பிளாஸ்மிட்டுல, கண்டுபுடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் இங்கயும் முழிச்சாங்க. கடைசிக் கையிருப்பு மருந்த கோழி சீக்கிரம் கொழுக்கணும்னு தட்டுல கொட்டி இருக்கோம். நான் வாங்குன கோழி, நான் வறுத்த கோழி.

சிஸ்டர் கேட்டாங்க, அம்மா கடைசி மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாச்சும் சாப்ட்டாங்களான்னு. அம்மா சத்தியமா இல்லன்னாங்க. நான் வீட்டுக்குப் போயி சாமி ரூம் பக்கத்துல இருக்குற பிஸ்கட் டின்ன தொறந்து பாத்தேன். உள்ள ஆறு பிளாஸ்டிக் பாக்கெட். ஒண்ணு எனக்கு இருமல் வந்தப்ப கிளினிக்ல குடுத்தது, பாதி மீதி. ஒண்ணு தங்கச்சி மகனோடது. ஒண்ணு சித்தி "இது நல்லா கேக்கும்க்கா"ன்னு குடுத்தது. அம்மாவுக்கு சளி புடிச்சா அந்த டின்னுல இருந்து ரெண்டு, தொண்ட கரகரத்தா ரெண்டு. நம்ம நாட்டுல ஆன்டிபயாடிக் மருந்துக் கடையில சீட்டு இல்லாம வாங்க முடியாது, 1952ல போட்ட விஷப் பொருள் சட்டத்துல அது இருக்கு. பிஸ்கட் டின்னுக்கு சட்டம் இல்லியே. பென்சிலின கண்டுபுடிச்ச ஃப்ளெமிங்கே 1945ல நோபல் பரிசு வாங்குன பேச்சுல, எவனாவது கம்மி கம்மியா சாப்ட்டு கிருமிய பழக்கி விட்டுடுவான்னு எச்சரிச்சாராம். அவரு நெனச்சது எங்க சித்திய.

சரி, வார்டுக்கு வர்றேன், இதுதான் நான் உண்மையா ரிவியூ பண்ண வேண்டிய பகுதி. தனி ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி நாலு பேரு ரூம்ல நான் ஒரு காலை முழுக்க சும்மா உக்காந்திருந்தேன், ஞாயித்துக்கிழம, கடைக்கு லீவு. கடைக்காரன் புத்தி, எங்க போனாலும் கைய பாக்கும். எங்க வேலையில டைபாய்டு ஊசி போட்டிருக்கணும், உணவு கையாளுறவங்க கோர்ஸ் முடிச்சிருக்கணும், கவுன்சில் ஆளு வந்து ஏ, பி, சின்னு கிரேடு ஒட்டிட்டுப் போவாரு, சி வந்தா அவமானம். அதனால பில் பேப்பர் பின்னாடி கோடு போட்டு எண்ணுனேன். அம்மா கட்டில் கிட்ட வந்து கட்டிலயோ அம்மாவையோ தொட்டவங்க 23 பேரு. தொடுறதுக்கு முன்னாடி கால்மாட்டுல இருக்குற பாட்டில அமுக்கி கை தேச்சவங்க 9. அதுல ஒருத்தர் அமுக்குனப்ப பாட்டில் காலி, பொசுக்குன்னு காத்து மட்டும் வந்துச்சு, சிரிச்சுட்டு அப்படியே தொட்டாரு. பிரஷர் பாக்குற பட்டைய நாலு பேருக்கும் வரிசையா சுத்துனாங்க, நடுவுல தொடைக்கல. திரைய எல்லாரும் இழுக்குறாங்க, அது கை பட்டுப் பட்டு ஓரம் மட்டும் கருத்து இருக்கு, என் கடை கிச்சன் கதவு மாதிரி. கருத்த இடத்துல யாரு கை எல்லாம் இருக்குன்னு நான் பசங்களுக்கு கிளாஸ் எடுப்பேன்.

நர்ஸுங்கள மட்டும் கொற சொல்லாதீங்க. ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷண்ட்டுன்னு நான் கேட்டதுக்கு ஒரு பொண்ணு பதில் சொல்லாம சிரிச்சுச்சு. மத்தியானம் 1 மணி கூட்டத்துல என் பையன் கை கழுவாம இலைய எடுத்தா நான் திட்டுவேன், ஆனா அந்த நேரத்துல ஒரு ஆளு கொறச்சலா போட்டவன் நான்தானே. கை தேய்க்காதவங்கள்லயே பெரிய சதவீதம் யாருன்னா, வெள்ளக் கோட்டு போட்டு வேகமா வந்து வேகமா போன பெரிய டாக்டருங்க. நர்ஸ் அவங்கள பாத்து "தேச்சீங்களா"ன்னு எப்படிக் கேக்கும்? வியன்னாவுல 1847ல செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர் மத்த டாக்டருங்கள கை கழுவுங்கய்யான்னு சொன்னதுக்கு அவர படுத்துன பாடு ஊருக்கே தெரியும். பினாங்குல பொறந்த நம்ம வூ லியென் தே, 1910ல மஞ்சூரியாவுல ப்ளேக் வந்தப்ப துணி மாஸ்க் போடுங்கன்னாரு, அதுக்கும் கிண்டல் பண்ணுன ஒரு பெரிய டாக்டர் மாஸ்க் இல்லாம வார்டுக்குள்ள போயி சில நாள்ல செத்தே போனாரு. பெரிய ஆளுங்ககிட்ட சொல்றது எந்தக் காலத்துலயும் கஷ்டம்தான் போல.

மிச்சம் யாரு? நாம. சனிக்கிழம சாயங்காலம் விசிட்டிங் டைம்ல எங்க சொந்தம் பதினாலு பேரு வந்தாங்க. ஒரு அத்தை கட்டில்லயே ஏறி உக்காந்து அம்மா கால அமுக்கி விட்டாங்க. பெரியப்பா தண்ணீர்மலை கோயில் விபூதிய பொட்டலத்துல இருந்து எடுத்து நெத்தியில பூசி, மிச்சத்த பக்கத்து கட்டில் பாட்டிக்கு வேணுமான்னு கேட்டாரு, நல்ல வேள அவங்க சிரிச்சுக்கிட்டே வேணாம்னாங்க. சின்னப் பசங்க கட்டில் கைப்பிடிய உருட்டி மேல கீழ ஏத்தி விளையாண்டுச்சு. பதினாலுல பாட்டில அமுக்குனது பூஜ்யம். என்னையும் சேத்து. அம்மா காய்ச்சல்ல கெடக்க, நாங்க பெரிய பாசக்காரங்க.

கை தேய்க்குறது எப்படின்னும் சிஸ்டர் எனக்கு செஞ்சு காட்டுனாங்க. எனக்குத் தெரியாததா, நான் கோர்ஸ் போனவன்னு நெனச்சேன். அந்த ஆல்கஹால் ஜெல்ல 20ல இருந்து 30 செகண்டு தேய்க்கணும், சோப்பு தண்ணின்னா மொத்தம் 40ல இருந்து 60 செகண்டு. கட்ட விரல தனியா, விரல் நுனிய உள்ளங்கையில வச்சு, விரலுக்கு நடுவுல. நான் வழக்கமா செய்யுறது 5 செகண்டு, அதுவும் உள்ளங்கை மட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அஞ்சு நேரமும் ஒப்பிச்சாங்க, நோயாளிய தொடும் முன்னாடி, சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் மூத்திரம்னு எதுவும் பட்ட பின்னாடி, நோயாளிய தொட்ட பின்னாடி, அப்புறம் நோயாளிய தொடாம கட்டிலயோ மேசையயோ தொட்டா கூட அதுக்குப் பின்னாடி. அந்த கடைசி ஒண்ண யாருமே செய்யுறது இல்லன்னு அவங்களே சலிச்சுக்கிட்டாங்க. அசினெட்டோபாக்டர்னு ஒரு கிருமி காஞ்ச எடத்துலயே வாரக்கணக்குல உயிரோட இருக்குமாம்.

ராத்திரி தூக்கம் வராம அந்த தனி ரூம் சோபாவுல (சோபா 1 ஸ்டார், என் முதுகு இன்னும் வலிக்குது) போன்ல படிச்சுக்கிட்டே கெடந்தேன். ஆஸ்பத்திரியில சேர்ற 100 பேருல பணக்கார நாடுங்கள்ல 7 பேருக்கும் மத்த நாடுங்கள்ல 15 பேருக்கும் இப்படி ஏதாச்சும் ஒரு தொற்று வருதுன்னு டபிள்யூ.எச்.ஓ (அதே உலக சுகாதார நிறுவனம்) கணக்கு. மருந்துக்கு மசியாத கிருமிங்களால நேரடியா 2019ல மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரு உலகத்துல செத்திருக்காங்க. எங்கம்மாவுக்கு வந்த வகை டபிள்யூ.எச்.ஓ 2024ல போட்ட ஆபத்தான கிருமி லிஸ்ட்ல முதல் வரிசையில இருக்கு. அத படிச்சுட்டு போன கவுத்து வச்சுட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் படிச்சப்ப பெருமையாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. 1948ல கோலாலம்பூர்ல ஐ.எம்.ஆர்ங்குற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல, அமெரிக்கா டாக்டருங்க நம்ம ஊரு ஆளுங்களோட சேந்து குளோராம்பெனிகால்னு ஒரு புது மருந்த உண்ணிக் காய்ச்சலுக்குக் குடுத்துப் பாத்தாங்க. உண்ணிக் காய்ச்சல்னு நெனச்சு குடுத்ததுல சிலருக்கு உண்மையில டைபாய்டு, அவங்களும் பொழச்சுட்டாங்க. டைபாய்டுக்கு மருந்து இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே நம்ம ஊருல இருந்துதான்! அப்புறம் அந்த மருந்த ஊரு பூரா கண்டதுக்கெல்லாம் குடுத்து, 1972ல மெக்சிகோவுல அந்த மருந்துக்கு மசியாத டைபாய்டு பெரிசா பரவுச்சு. இருபத்தி நாலு வருஷம். என் கடை கிரைண்டர் கூட அதவிட ஜாஸ்தி ஓடும், எங்கப்பா வாங்குனது.

செவ்வாய்க்கிழம காலையில அம்மா கண்ண முழிச்சு, "டேய், கடைய யாரு பாக்குறா"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு உயிரு வந்துச்சு. காய்ச்சல் 37.2. ரத்தத்த 5 நாள் வரைக்கும் பாட்டில்ல வச்சுப் பாத்தாங்க, அதுல ஒண்ணும் வளரல, அப்படின்னா முட்டிக்குப் போயிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அந்த ரிப்போர்ட்ட டியூட்டி டாக்டர் பொண்ணு ஓடி வந்து காட்டுச்சு, அங்கள்னு கூப்புட்டதையும் மன்னிச்சுட்டேன். அப்புறம் எர்டாபெனம்னு ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதும்ங்குற மருந்துக்கு மாத்தி, மொத்தம் 10 நாள் கோர்ஸ முடிச்சு, 13வது நாள் வீட்டுக்கு அனுப்புனாங்க.

பில்லு. முட்டிக்குன்னு சொன்ன பேக்கேஜ் தனி, அதுக்கு மேல இந்த கூத்துக்கு 9,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. மெரோபெனம், தனி ரூம், லேப்பு, மஞ்ச கவுன் ஒவ்வொண்ணுக்கும் காசு. ஆமா, கவுனுக்கும் காசு, நான் கோப்பி குடிக்கப் போயிட்டு வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கவுன். டியூப மறந்தது உங்க தப்புன்னு உங்க ஆளே ரிப்போர்ட்ல எழுதி இருக்காங்களேன்னு பில்லிங்ல கேட்டேன். மேனேஜர் ஒருத்தர் வந்து ரொம்ப மரியாதையா பேசி ரூம் வித்தியாசத்த கழிச்சுக் குடுத்தாரு, மத்தத இன்சூரன்ஸ் பாத்துக்கும்னாரு. இன்சூரன்ஸும் முக்காவாசிய பாத்துக்கிச்சு, அடுத்த வருஷ பிரீமியத்துல அது என்னைய பாத்துக்கும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஜி.எல்லுக்கு காலை 10ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் உக்காந்தோம், வரும்போது இருந்த அதிசயம் போகும்போது இல்ல.

பேரு ஏன் போடலைன்னு சொல்றேன்னேன்ல. பேரு போட்டா நீங்க அந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகாம இன்னொண்ணுக்குப் போவீங்க, அங்கயும் கால்மாட்டு பாட்டில் காலியா இருக்கலாம், ஆனா இந்த சிஸ்டர் மாதிரி ஒரு ஆளு இல்லாம இருக்கலாம். மொத்தத்துக்கு 3 ஸ்டார். சிஸ்டருக்கு மட்டும் தனியா 5, டாக்டர் கைக்கு 5, அதே கைய தேய்க்காததுக்கு 1.

அம்மாவோட வலது முட்டி அடுத்த மார்ச்ல. எங்க பண்றதுன்னு வீட்டுல பெரிய பஞ்சாயத்து, தங்கச்சி கோலாலம்பூருக்குக் கொண்டு வான்னு ஒரே அடம். அம்மா முடிவு பண்ணிட்டாங்க, அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். போன வாரம் செக்கப்புக்குப் போனப்ப டாக்டர் உள்ள வந்து முட்டிய புடிக்கப் போனாரு, அம்மா கால இழுத்துக்கிட்டு சிரிச்ச முகமா பாட்டில பாத்து கண்ண காட்டுனாங்க. டாக்டர் ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் போயி அமுக்குனாரு. முழுசா 20 செகண்டு, நான் மனசுக்குள்ள எண்ணுனேன். "டியூப் மறுநாளே எடுத்துடணும் டாக்டர், எழுதிக்குங்க"ன்னு அம்மா சொல்ல, எழுதிக்கிட்டாரு.